ஏவலும் எழுத்தாணியும்



படிப்பு முடிந்ததும் நீங்கள் ஏதேனும் ஒரு பணியில் அமரப் போகிறீர்கள். அங்கே இருவகை ஊழியரைக் காண்பீர்கள். இட்ட வேலையை இட்டபடி முடித்து, மணி அடித்தவுடன் எழுந்து செல்பவர் ஒரு வகையினர். வேலையின் நோக்கம் யாதென அறிந்து, அதற்கு வேண்டுவதைப் பிறர் ஏவுமுன்னரே செய்பவர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினரின் இயல்பை விளக்க, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் என்னும் சிற்றூருக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

கூரம் பழமை வாய்ந்த ஊர். 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் அங்கே கோயில் எடுப்பித்து, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் நிலம் அளித்த செய்தியைக் கூரம் செப்பேடு கூறுகிறது. பிற்காலத்தில் அவ்வூரில் தோன்றியவர் கூரத்தாழ்வான். அவர் இராமாநுசரின் மாணாக்கர். ஆசிரியர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் பணியையும் ஏற்றவர்.

அவரைப் பற்றி வைணவ குருபரம்பரை வரலாறுகள் இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகின்றன. பிரம்மசூத்திரத்துக்கு உரை காண விழைந்த இராமாநுசர், போதாயனர் இயற்றிய பழைய விருத்தியைத் தேடிக் காஷ்மீரம் சென்றார். அரிதிற் கிடைத்த அச்சுவடியை, திரும்பும் வழியிலேயே அந்நாட்டார் வந்து பறித்துச் சென்றனர். ஆசிரியர் மனம் தளர்ந்தார். அப்போது கூரத்தாழ்வான், ஏனையோர் உறங்கிய இரவுகளில் தாம் அந்நூலைப் படித்து மனத்தில் பதித்துக்கொண்டதாகத் தெரிவித்தார். அவ்வாறு செய்யும்படி அவரை எவரும் ஏவவில்லை. உடன் செல்வது மட்டுமே தம் கடமை என அவர் எண்ணியிருந்தால், அந்நெடும் பயணம் வீணாகியிருக்கும் அன்றோ?

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் அரியது. ஸ்ரீபாஷ்யத்தை எழுதத் தொடங்குமுன் இராமாநுசர் அவரிடம், “நான் சொல்வது உமக்கு உடன்பாடு இல்லையெனில் எழுதாமல் நிறுத்திவிடும்” என்று கூறியிருந்தார். ஆன்மாவின் இயல்பை விளக்கும் ஓரிடத்தில், அது அறியும் தன்மையுடையது என்று மட்டும் ஆசிரியர் சொன்னார். அது இறைவனுக்கு உரியது என்னும் கருத்து விடுபட்டது. எழுத்தாணி நின்றது. ஆசிரியர் சினந்து எழுந்தார். பின்னர் ஆராய்ந்து, மாணாக்கர் நின்றது சரியே எனத் தெளிந்தார்.

எழுத்தாணியை நிறுத்துவதால் என்ன பயன் என்பதைக் காஞ்சிப் பட்டுத் தறியில் காணலாம். பாவிலே ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்தி முடிச்சிடுவார். நிறுத்தாமல் நெய்தால், அந்தக் குறை சேலையின் நீளம் முழுதும் ஓடும். சப்பானில் சகிச்சி டொயோடா என்பார் 1924-இல், இழை அறுந்தால் தானே நின்றுவிடும் இயந்திரத் தறியை முழுமை பெறச் செய்தார். அக்கருத்தே பின்னர் அவர் குடும்பத்தார் நிறுவிய மோட்டார்த் தொழிற்சாலைக்கும் சென்றது. குறை கண்ட தொழிலாளி எவரும் ஒரு கயிற்றை இழுத்து உதவியை அழைக்கலாம். குறை தீராவிடில் வேலை வரிசையே நின்றுவிடும்.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. நிறுத்தும் உரிமையை இராமாநுசர் முன்கூட்டியே அளித்திருந்தார். தொழிற்சாலையும் கயிற்றைத் தொழிலாளியின் கைக்கெட்டும்படி கட்டியிருந்தது. வாய் திறந்தவரைத் தண்டிக்கும் அலுவலகத்தில், ஊழியர் தாமாக எதையும் செய்வதில்லை என்று மேலதிகாரி குறைகூறுவது முறையாகாது. அவ்வாறே, கேளாமல் செய்பவர் என்பதற்காக ஒருவர் மீதே பிறர் சுமைகளையும் கூலியின்றி ஏற்றுவது அறமன்று.

எல்லாவற்றிலும் தலையிடுவதையும் முன்முயற்சி என்று நான் கருதவில்லை. கூரத்தாழ்வான் தாமாக வேறொரு சொல்லை ஏட்டில் புகுத்தவில்லை. எழுதாமல் நின்றார், அவ்வளவே. முடிவு செய்யும் பொறுப்பை ஆசிரியரிடமே விட்டார். வரக்கூடிய இழப்பை எண்ணி முன்னரே ஆயத்தமாவதும், பிழை கண்ட இடத்தில் அடக்கத்தோடும் அஞ்சாமலும் நிற்பதும் பணியாளருக்கு வேண்டிய இரு குணங்கள். நீங்கள் முதல் நாள் அலுவலகம் செல்லும்போது இவ்விரண்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். பிற்காலத்தில் உங்கள்கீழ்ப் பலர் பணி செய்யும் நிலை வருமானால், அவர்கள் எழுத்தாணியை நிறுத்துவதற்கும் இடம் கொடுங்கள்.