சக்கர நாற்காலிக்கு வழி! வீட்டுக்கும் அழகு!

அலங்காநல்லூர் என்றதும் எல்லோருக்கும் ஜல்லிக்கட்டுதான் நினைவுக்கு வரும். தை 3-ஆம் நாள் வாடிவாசல் திறக்கும். பல ஊர்களில் இருந்து காளைகள் வரும். தெருவெல்லாம் கூட்டம்!

சில ஆண்டுகளுக்கு முன், அந்தக் கூட்டத்தின் ஆரவாரத்தை உள் அறையில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார் என் பெரியப்பா. ஒரு காலத்தில் தாமே காளை வளர்த்தவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலி இருந்தது. ஆனால் வாசலில் 3 படிகளும் இருந்தன.

"தூக்கிக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

"நாலு பேர் தூக்குற நாள் ஒண்ணு வரும்ப்பா. இப்ப வேணாம்" என்றார்.

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொதுக் கட்டடங்களுக்கு மாற்றுத் திறனாளிகள் எளிதில் போய்வர வசதி வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நம் வீட்டு வாசலுக்கு யார் சொல்வது? நாமே செய்ய வேண்டியதுதான்!

கொத்தனாரின் கவலை

கொத்தனார் வந்து பார்த்தார். "சாய்தளம் போட்டால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுமே" என்றார்.

சக்கர நாற்காலி என்றாலே பலருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம்தான். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981-ல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர். நாற்காலியில் இருந்தபடியே ஒரு பெரிய நிறுவனத்தை வளர்த்தார். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நாற்காலி ஒரு மனிதனை முடக்குவதில்லை. படிகள்தான் முடக்குகின்றன.

மாடு போன வழி

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1 அடி உயரம் ஏற, குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். எங்கள் வாசல் உயரம் ஒன்றரை அடி. அப்படியானால் 18 அடி! முன்னால் போட்டால் தெருவை அடைத்துவிடும். நீளத்தைக் குறைத்தால் செங்குத்தாகிவிடும். வயதான பெரியம்மாவால் நாற்காலியைத் தள்ள முடியாது.

பெரியப்பாதான் வழி சொன்னார். வீட்டின் பக்கவாட்டில், முன்பு காளையைக் கொல்லைக்கு ஓட்டிச் சென்ற சந்து சும்மா கிடந்தது. அகலம் 4 அடி. அதிலே சாய்தளம் ஏறியது. முடிகிற இடத்தில் நாற்காலி நின்று திரும்புவதற்காக, கூடத்துச் சுவரைக் கொஞ்சம் உள்வாங்கிக் கட்டினோம். அங்கே இருந்த ஜன்னலை எடுத்துவிட்டு 3 அடி அகலத்தில் கதவு வைத்தோம். ஈரச் சிமென்டில் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தார் கொத்தனார். வழுக்காது. ஓரங்களில் கோயில் மதில் போல வெள்ளையும் காவியும் பட்டை அடித்தோம். மங்கிய கண்ணுக்கும் ஓரம் தெரிகிறது. அழகுக்கு அழகு!

திண்ணை அப்படியே இருக்கிறது.

தெருக் கதவின் நிலைப்படி மட்டும் தடுத்தது. அதை அறுக்கலாம் என்றார் தச்சர். "மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படி! தொடக் கூடாது!" என்று பெரியம்மா மறித்துவிட்டார். நல்லவேளை! படியின் இருபுறமும் சாய்த்துச் சீவிய தேக்குப் பலகைகள் செய்து வைத்தார் தச்சர். வேண்டும்போது போடலாம், எடுக்கலாம். குங்குமம் கலையவில்லை.

நான் செய்த தவறு

குளியலறையில் நான் புத்தி கெட்டுப் போனேன். கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். காரைக்குடி அருகே, கண்ணாடி மேல் வண்ணச் சிமென்டை ஊற்றிக் கையாலேயே செய்கிற கல் அது. பளபளப்பு அதனால்தான். அந்த ஆசையில் குளியலறைக்கும் அதையே போட்டேன். மூன்றாம் நாளே பெரியம்மா சறுக்கினார். துண்டு போடும் கம்பியைப் பிடித்தார். கம்பி கையோடு வந்துவிட்டது! நல்லவேளையாக எலும்பு முறியவில்லை.

பிறகு தரையைப் பெயர்த்து, உளியால் கொத்திய கருங்கல் போட்டோம். செங்கல் சுவரில் ஆழமாகத் துளையிட்டுக் கனமான கைப்பிடி பொருத்தினோம். பெரியப்பாவின் நல்ல கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வைத்தோம். கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை எப்படித் தள்ளுவது?

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இதையெல்லாம் முதலிலேயே செய்துவிடலாம். இடித்துச் செய்தால் செலவு அதிகம். எனக்குத் தெரியும்!

மறு தையில் பெரியப்பா விடியற்காலையிலேயே எழுந்துவிட்டார். வேட்டி மடித்துக் கட்டி, திண்ணை ஓரம் நாற்காலியில் உட்கார்ந்தார். காளைகள் ஒவ்வொன்றாகத் தெருவில் போயின. திமிலைப் பார்த்தே குறையும் நிறையும் சொன்னார். காளைக்காரர்கள் நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

பெரியம்மா இப்போது சமையல் வாயு உருளையைத் தூக்குவதில்லை. சாய்தளத்தில் உருட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்.