மூன்று அடுக்குப் படலத்தின் வரவு செலவு

வெள்ளிப் படிகத்தின் மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மெக்னீசியம் ஆக்சைடை ஓர் அணு அடுக்காகப் படியவைக்க 45 நானோகிராம் மெக்னீசியம் போதும். எண்ணிப் பார்த்தால் சுமார் 11 கோடி கோடி அணுக்கள். ஒரு கிராம் இருந்தால் 2,200 சதுர மீட்டரை, அரை ஏக்கருக்கும் மேலான பரப்பை, மூடிவிடலாம். சரக்குக்கு ஆகும் செலவு அவ்வளவுதான்.

பெருஞ்செலவு வெற்றிடத்துக்கு. அழுத்தம் 10⁻⁶ மில்லிபார் இருந்தால்கூட மிச்சமிருக்கும் வாயு சில விநாடிகளில் சுத்தமான பரப்பை மூடிவிடும். 10⁻¹⁰ மில்லிபாருக்கு இறக்கினால் சில மணி நேரம் தாங்கும். அதற்காக எஃகுக் கலத்தைச் சுமார் 150 டிகிரியில் ஒரு நாளாவது சூடாக்கி, சுவரில் ஒட்டிய நீராவியை விரட்டுகிறார்கள். பிறகு ஆக்சிஜனை 10⁻⁶ மில்லிபார் அளவுக்கு விட்டு மெக்னீசியத்தை ஆவியாக்குகிறார்கள். நிமிடத்துக்கு ஓர் அடுக்கு என்று வளர்த்தால், தேவையைப் போல் 28 மடங்கு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வந்து மோதும். வெள்ளியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இரண்டின் அணிக்கோவை நீளமும் 4.09, 4.21 ஆங்ஸ்ட்ராம் என 3 சதவீதத்துக்குள் பொருந்துவதுதான்.

மூன்று அடுக்கின் தடிமன் 0.6 நானோமீட்டர். அதற்குள்ளேயே ஏறத்தாழ 6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி தோன்றிவிடுகிறது என்று 2001இல் லோசானில் அளந்து காட்டினார்கள். அதாவது, அது கடத்தாப்பொருள்தான். ஆனாலும் எலக்ட்ரான் அதை ஊடுருவிப் போகிறது. இந்த முரணில்தான் விஷயமே இருக்கிறது.

மேலே ஒரு தங்க அணுவை வைத்துக் கணக்கு எழுதுவோம். வெள்ளியிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் 4.3 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். படலம், உலோகத்துக்கு வெளியே கசிந்து நிற்கும் எலக்ட்ரான்களை உள்ளே தள்ளுவதால் அந்தச் செலவு 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் குறைந்து 3க்கு அருகில் வருகிறது. தங்கம் எலக்ட்ரானை ஏற்கும்போது கிடைக்கும் வரவு 2.3. பற்றாக்குறை சுமார் 0.7. வெள்ளியில் தூண்டப்படும் நேர்மின்னூட்டத்தின் ஈர்ப்பும் படலத்தின் அயனிகள் சற்றே நகர்ந்து இடம் கொடுப்பதும் அதை ஈடுகட்டுகின்றன. தங்கம் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. படலம் தடித்தால் அந்த ஈர்ப்பு தூரத்தில் தளர்ந்துவிடும், ஊடுருவலும் நின்றுவிடும்.

2007இல் பெர்லினின் ஃபிரிட்ஸ் ஹேபர் நிறுவனத்தார் இதன் விளைவை நேரில் பார்த்தார்கள். 3 அடுக்குப் படலத்தில், மின்னூட்டம் பெற்ற தங்கம் கீழிருந்து இழுக்கும் அந்த ஈர்ப்பால் தட்டையாகப் பரந்தது. 8 அடுக்கில் அந்தப் பிடி இல்லாமல் குவியலாக எழும்பியது.