பின்னால் வருவதும் வண்டிதான்

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போகிற எவருக்கும் டிரெய்லர் லாரி புதிதல்ல. ஒரு முனையில் சென்னைத் துறைமுகம், மறுமுனையில் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும், இடையே திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகள். இத்தனைக்கும் நடுவே ஓயாமல் ஓடும் இந்த வண்டியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் முன்பாதியை மட்டுமே பேசுகிறோம். டிரைவர் வேகமாக வந்தார், தூங்கிவிட்டார், குடித்திருந்தார் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பின்னால் இழுபட்டு வந்த நாற்பதடி இரும்புச் சட்டம் எந்த நிலையில் இருந்தது, அதை யார் மாட்டிவிட்டார்கள், அதன்மேல் எவ்வளவு ஏற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சட்டம் அதைக் கேட்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, மற்ற வண்டிகளைப் போலவே டிரெய்லரையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இழுக்கும் வண்டியின் எண்ணும் கடைசி டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்கிறது. கன்டெய்னர் ஏற்றும் வகையை அதே சட்டம், எடையில் ஒரு பங்கை முன்வண்டியின் மேல் தாங்க வைக்கும் அரை டிரெய்லர் என்று தனியாகவே விளக்குகிறது. பிரிட்டனில் விடுமுறைக்குக் காரின் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பும் குடும்பத்துக்கும் இதே நியாயம்தான். காரின் எண் கேரவனின் பின்புறம் இருக்க வேண்டும். 750 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு அனுமதிக்கப்பட்ட கேரவன் என்றால் அதற்குச் சொந்த பிரேக் வேண்டும். நான்கு பேர் தூங்கும் ஒரு சிறு கூண்டுக்கே அங்கே இந்தக் கவனம் என்றால், ஐம்பது டன் ஓடும் சாலையில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

இரண்டு வண்டிகளும் சேரும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். டிரெய்லரின் அடியில் இருக்கும் கிங் பின், முன்வண்டியின் ஃபிப்த் வீல் தட்டில் போய் விழுந்து பூட்டிக்கொள்கிறது. அதற்கு மேலே காற்றுக் குழாய்களும் ஒரு மின்கம்பியும் தொங்குகின்றன. டிரெய்லரின் பிரேக்குக்குக் காற்றும் பின்விளக்குக்கு மின்சாரமும் அவற்றின் வழியாகத்தான் போகின்றன. முன்வண்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் டிரெய்லர் நின்ற இடத்திலேயே இருட்டாகிவிடும். சாலையோரம் தனியே விடப்பட்ட டிரெய்லருக்கு இரவில் இருப்பது ஒளி பிரதிபலிக்கும் பட்டை மட்டுமே. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் அதையும் வகுத்திருக்கின்றன. பின்னால் வரும் சிறு வண்டி அடியில் புகுந்துவிடாமல் தடுக்கப் பின்புறத் தடுப்புச் சட்டமும் வேண்டும் என்கின்றன. கடல் காற்றும் உப்பும் நிலக்கரித் தூசியும் படியும் இந்தச் சாலையில் பட்டை மங்கவும் தடுப்பு துருப்பிடிக்கவும் அதிக நாள் ஆகாது. அதில் போய் மோதுபவர் பெரும்பாலும் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும் தொழிலாளியாகத்தான் இருப்பார். அவர் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது டிரெய்லரின் தளம். ஆபத்து விளைவிக்கும் விதமாக வண்டியைப் பொது இடத்தில் விட்டுப்போவதை 122-ஆம் பிரிவு தடை செய்கிறது. பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நின்றால் அப்புறப்படுத்த 127-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்தப் பத்து மணி நேரத்துக்குள் ஓர் இரவு முழுவதும் அடங்கிவிடுகிறது என்பதுதான் கவலை.

எடை விஷயத்தில் கணக்கு இன்னும் தெளிவு. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. இப்போது வண்டியும் சரக்கும் சேர்ந்து உச்சவரம்பு 55 டன். மூன்றச்சு முன்வண்டிக்குப் பதிலாக இரண்டச்சு முன்வண்டி மூன்றச்சு டிரெய்லரை இழுத்தால் 45.5 டன்தான். கன்டெய்னரின் கதவைப் பாருங்கள், அதிகபட்ச மொத்த எடை 30,480 கிலோ என்று பல பெட்டிகளில் எழுதியிருக்கும். அது பெட்டிக்கான வரம்பு, சாலைக்கான அனுமதி அல்ல. அந்த அளவுக்கு நிரம்பிய இரண்டு இருபதடிப் பெட்டிகளை ஒரே டிரெய்லரில் வைத்தால், வண்டியின் எடையைச் சேர்க்கும் முன்பே 60 டன் தாண்டிவிடுகிறது. இதை யாரும் அறியாமல் செய்ய முடியாது. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்பட்ட சான்று இல்லாமல் சரக்குள்ள எந்தக் கன்டெய்னரும் கப்பலில் ஏறக் கூடாது என்பது பன்னாட்டு விதி. ஆகவே பெட்டியின் எடை ஏற்றுமதியாளருக்குத் தெரியும், யார்டுக்குத் தெரியும், முனையத்துக்குத் தெரியும். அபராத ரசீது மட்டும் ஸ்டியரிங் பிடித்தவர் கைக்கு வருகிறது.

என் வாதம் இதுதான். டிரெய்லரைச் சோதிக்க வேண்டிய இடம் சாலையல்ல, அதை மாட்டி, பெட்டியை ஏற்றி வெளியே அனுப்பும் கேட். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அதிக எடைக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கும் 194-ஆம் பிரிவு, ஓட்டுபவரோடு நிற்கவில்லை. ஓட்டவைப்பவரையும் அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. டிரைவர் உரிமையாளராக இல்லாதபோது, உரிமையாளருக்குத் தெரிந்தே தவறு நடந்ததாக நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது 113-ஆம் பிரிவு. அபராதம் கட்டிவிட்டு அதே எடையோடு பயணத்தைத் தொடர முடியாது, மிகை எடையை இறக்கியே ஆக வேண்டும் என்று பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. ஐம்பது டன் வண்டியை எண்ணூர் விரைவுச் சாலையில் நிறுத்தி, கிரேன் இல்லாமல் பெட்டியை எங்கே இறக்குவது? கிரேன் இருப்பது யார்டில். எடையைத் திருத்தக்கூடிய ஒரே இடமும் அதுதான்.

கேட்டில் சோதித்தால் வரிசை நீளும் என்பார்கள். துறைமுகத்துக்குப் பல கிலோமீட்டர் வரிசையில் காத்திருந்த வலியை அறிந்தவர்கள் சொல்வதால் இதைத் தட்டிவிட முடியாது. ஆனால் எடைச் சான்று காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பின்விளக்கு எரிகிறதா, பெட்டியை டிரெய்லரோடு பூட்டும் ட்விஸ்ட் லாக் நான்கு மூலையிலும் திருகியிருக்கிறதா, பட்டை தெரிகிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். வரிசையில் நிற்கும்போதே பார்த்துவிடலாம். ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் சிறு உரிமையாளர் நொடித்துப்போவார் என்பது அடுத்த எதிர்ப்பு. இன்று நொடித்துப்போகிறவரும் அவர்தானே? அதிக எடை வேண்டாம் என்று மறுத்தால் அடுத்த லோடு கிடைக்காது என்ற அச்சத்தில் ஏற்றிக்கொள்பவர் அவர். கேட்டிலேயே எல்லோருக்கும் ஒரே வரம்பு என்றாகிவிட்டால், மறுக்கும் பாரம் அவர் தலையிலிருந்து இறங்கும். சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை வந்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் நம்புகிறார்கள். 2009-இல் அடிக்கல் நாட்டி, இடையில் நின்று, 2022-இல் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்ட அந்தச் சாலை கூவம் ஓரமாக மேற்கே போகிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வடக்கே போகும் டிரெய்லருக்கு அது வழியாகாது.

போக்குவரத்துத் துறையும் துறைமுக நிர்வாகங்களும் கேட்டில் நின்று இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும். அதுவரை, திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர் வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விளக்கில்லாமல் கழற்றி விடப்பட்ட டிரெய்லரைப் பார்த்தால் புகாரில் இடத்தை மட்டும் சொல்லாதீர்கள், அதன் பின்னால் இருக்கும் எண்ணையும் எழுதுங்கள். எண்ணே இல்லை என்றால், அதையே முதல் புகாராக எழுதுங்கள்.