வரைபடத்தையும் கணக்கையும் இணைத்தல்

பஞ்சாயத்து ஒரு பள்ளிக்கூடம் கட்டும்போது, வரைபடம் ஒரு கோப்பிலும் எஸ்டிமேட் வேறொரு கோப்பிலும் இருப்பது வழக்கம். இடையில் ஒரு ஜன்னல் கூடினால் வரைபடம் திருத்தப்படும். கொள்முதல் கணக்கு பழையபடியே நிற்கும். தேவைப்படாத செங்கல்லுக்கும் பொதுப்பணம் போய்விடும்.

இக்குறையை நீக்கவே, கட்டிடத் தகவல் மாதிரியை வரவு செலவு மென்பொருளுடன் இணைக்கிறார்கள். கணினியில் அமைக்கப்படும் இம்மாதிரியில் சுவர் வெறும் கோடு அன்று. தன் நீளம், உயரம், கனம், பொருள் யாவற்றையும் தாங்கிய உருவம். 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 20 சென்டிமீட்டர் கனமும் உள்ள சுவர் 6 கன மீட்டர். கன மீட்டருக்கு 500 மாடுலர் செங்கல் வீதம் 3,000 கல் வேண்டும். 1.5 மீட்டர் உயரமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஜன்னலை அதில் வரைந்தால் ஏறத்தாழ 150 கல் குறையும். அச்சுவருக்கு இரு மென்பொருளிலும் ஒரே இன எண் இருந்தால்தான் அக்குறைவு கொள்முதல் ஏட்டிலும் ஏறும். எண் வேறானால் இணைப்பு பெயரளவே.

நாகபுரி மெட்ரோ ரயில் பணியில் மாதிரியுடன் காலமும் செலவும் சேர்க்கப்பட்டு, எஸ்.ஏ.பி. என்னும் நிர்வாக மென்பொருளோடு இணைக்கப்பட்டன. அதன் முதற்பகுதி 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. சிற்றூர்ப் பள்ளிக்கு அத்தனை ஏற்பாடு மிகைதான். எனினும் எஸ்டிமேட்டின் இன எண்ணையே பில்லிலும் குறிக்கும்படி அங்கத்தினர்கள் கேட்கலாம். அதற்குக் கணினியும் வேண்டாம். எழுந்து நிற்கும் சுவரையோ மென்பொருள் தானாக அறியாது. பணம் வழங்குமுன் நாடா பிடித்து அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிவது எஞ்சினீயரின் பொறுப்பே.