கம்ப்யூட்டருக்குப் புரிஞ்சா மட்டும் போதுமா?

இன்னைக்கு ஜாவாஸ்கிரிப்ட் பத்திப் பேசலாம். அதுக்கு முன்னாடி, ஒரே ஒரு பூஜ்யம் என்னை மாட்டிவிட்ட கதையைச் சொல்லிடறேன்.

பணம் கட்டாதவங்களுக்கு தினமும் ஒருமுறை மெசேஜ் போகணும். அதுக்கான கோட் நான் எழுதினது. ஜாவாஸ்கிரிப்ட் நேரத்தை மில்லிசெகண்டில் கணக்கிடும். ஒரு நாளைக்கு 86400000. நான் அடிச்சது 8640000. விளைவு? 2 மணி 24 நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ், நடுராத்திரியிலும்! கூட வேலை பார்க்கிற ரெண்டு பேர் அதைப் பார்த்து ஓகே சொல்லியிருந்தாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. பூஜ்யத்தை யாருங்க எண்ணிக்கிட்டு இருப்பாங்க?

அதையே 24 * 60 * 60 * 1000 என்று எழுதி, 'ஒரு நாள்' என்று பொருள் வர்ற மாதிரி ஒரு பேர் வெச்சிருந்தா? கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா படிக்கிறவர் தப்பு இருந்தா உடனே பிடிச்சிருப்பார். புரோகிராம் என்பது மனுஷங்களுக்கு விளக்குற மாதிரி இருக்கணும்னு டொனால்ட் கனூத் 1984-லேயே எழுதிட்டார். எனக்குத்தான் லேட்டா உறைச்சது.

இந்த விஷயத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டும் லேட்டாத்தான் தேறுச்சு. 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தை 10 நாளில் எழுதினார். பிரவுசர் இருந்தா போதும், ஓடும். அதனால எல்லாரும் கத்துக்கிட்டாங்க. ஆனா படிக்கிறதுதான் பெரும்பாடு. சர்வர்கிட்ட ஒண்ணு கேட்டு, பதில் வந்ததும் அடுத்தது, அதுக்கப்புறம் மூணாவதுன்னு போனா, எல்லாத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா எழுதணும். கோட் வலப்பக்கமா சரிஞ்சுக்கிட்டே போகும். அதுக்கு 'கால்பேக் ஹெல்'னே பேரு!

2015-ல் 'பிராமிஸ்' மொழியிலேயே சேர்ந்தது. 2017-ல் 'ஏசிங்க்', 'அவெயிட்' வந்தது. இப்போ அதே வேலையை சமையல் குறிப்பு மாதிரி மேலிருந்து கீழே வரிசையா எழுதலாம். 2021-ல் இருந்து பெரிய எண்ணை 86_400_000 என்று பிரிச்சும் எழுதலாம். இந்த மொழியைக் கிண்டல் பண்ணிட்டிருந்த நானே இப்போ விரும்பி எழுதறேன்னா, காரணம் இதுதான்.

ஆனா ஒண்ணு. வசதியை மொழி கொடுக்கும். நல்ல பேரை நாமதான் வைக்கணும். அடுத்த தடவை கோட் அனுப்புறதுக்கு முன்னாடி, அதைப் பக்கத்து சீட்காரருக்கு ஒருமுறை வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க. எங்கே நிறுத்தி விளக்கம் சொல்றீங்களோ, அந்த வரியை மாத்தி எழுதுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!