பிளாப்பியில் உறங்கும் தமிழ்

நம் வீட்டுப் பீரோக்களில் இன்றும் சில பிளாப்பிகள் கிடக்கின்றன. பெரியவர்கள் தமிழில் அடித்து வைத்த கடிதங்களும் குடும்ப வரலாறும் சங்கக் கணக்குகளும் அவற்றில் உண்டு. ஹவுராவின் மழைக்கால ஈரத்தில் அவற்றில் பூஞ்சை பிடிக்கிறது. ஆகவே காலம் தாழ்த்தாமல் காப்பாற்ற வேண்டும்.

பலர் பிளாப்பியைப் போட்டு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கிறார்கள். நலிந்த வட்டு எத்தனை முறை சுழலும் என்று யார் அறிவார்? முதல் ஓட்டத்திலேயே முழு வட்டையும் நகலெடுத்து, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. முதலில் சுத்தம் செய்ய வேண்டும்.

நகலெடுக்க 1970களிலேயே யூனிக்ஸில் வந்த 'டிடி' கட்டளை போதும். லினக்ஸிலும் இது இலவசமாகவே கிடைக்கிறது. இது கோப்பின் பெயரைப் பார்க்காது. பிளாக் பிளாக்காகப் படிக்கும். 1.44 எம்.பி. பிளாப்பியில் 2 பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பிளாக், மொத்தம் 2,880. ஒவ்வொன்றும் 512 பைட்டு. 'நோஎர்ரர்', 'சிங்க்' என்ற இரு சொற்களைச் சேர்த்து, பிளாக் அளவை 512 என்று கொடுத்தால், படிக்க முடியாத இடத்தைச் சுழியால் நிரப்பிவிட்டு மேலே செல்லும்.

நம் சங்க அன்பர் ஒருவரின் தந்தையார் எழுதிய நினைவுக் குறிப்புகளை இப்படித்தான் எடுத்தோம். மூன்று பிளாக் மட்டும் போயிற்று. அதாவது 1,536 பைட்டு, ஏறக்குறைய ஒரு பக்கம். மற்றதெல்லாம் கிடைத்தது.

ஓர் எச்சரிக்கை. 'ஐஎஃப்' என்பது மூலம், 'ஓஎஃப்' என்பது சேரும் இடம். இரண்டும் மாறினால் மூலமே அழியும். ரயில்வேயில் பாயிண்ட் சரியாக அமையாமல் சிக்னல் விழாதபடி இன்டர்லாக்கிங் வைத்திருப்போம். இங்கே அந்த வேலையைச் செய்வது பிளாப்பியின் எழுத்துத் தடை. மூன்றரை அங்குல வட்டில் துளை திறந்திருக்க வேண்டும். ஐந்தேகால் அங்குல வட்டிலோ ஓர வெட்டை ஒட்டி மூட வேண்டும்.

அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் பல, குறியீட்டு முறைகளும் பல. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் கடிதம் புரியாத குறிகளாகத் தெரியும். அந்த எழுத்துரு பக்கத்துப் பிளாப்பியில் இருக்கலாம். எனவே எதையும் எறியாமல் எல்லாவற்றையும் நகலெடுங்கள். பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றலாம். ஒரு பிரதி இங்கே இருக்கட்டும். இன்னொன்று வெளியூரிலுள்ள பிள்ளைகளிடம் இருக்கட்டும்.