சிறப்புப் பயிற்றுநருக்குப் பள்ளித் தலைமையில் இடம் எங்கே?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி செய்யும் தாய் ஒருவர் சென்ற ஆண்டு எங்களைச் சந்தித்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுமாறு பள்ளி நெருக்கியது. மனக்கணக்கில் தேர்ந்த அம்மாணவரால் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டிப் படிக்க இயலவில்லை. எட்டு ஆண்டுகளில் ஒருவரும் அவரைக் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டுக்கு அனுப்பியதில்லை. “காலனிப் பிள்ளைகள் அப்படித்தான்” என்பதே தாய்க்குக் கிடைத்த விளக்கம். அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025-இல் முதலமைச்சர் அறிவித்த அச்சொல், வகுப்பறையில் மருத்துவச் சான்றின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இதனால் அம்மாணவர் இழந்தது என்ன? கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அப்பாதுகாப்பு இல்லை. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 18 வயது வரை அருகமைப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கும் உரிமையைத் தருகிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கும் சான்றிதழே திறவுகோல். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் உளவியலாளரின் அறிக்கை கிடைத்துவிடுகிறது. மதிப்பீட்டு முகாமுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் வீட்டின் பிள்ளைக்குப் பள்ளியே முன்கை எடுக்க வேண்டும்.

பள்ளியில் யார் எடுப்பது? அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிவதையும், மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் கண்காணிப்பதையும் உறுதிசெய்யும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்கள் மீது சுமத்தியிருக்கிறது. நிறுவனம் என்றுதான் சொல்கிறது. இன்ன ஆசிரியர் என்று சொல்லவில்லை. எங்கள் பார்வையில் முதன்மையான ஓட்டை இதுதான்.

தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்பவர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள். (ஓவியம், தையல் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களோடு இவர்களைப் பலரும் குழப்பிக்கொள்கின்றனர்.) ஒருவரே பல பள்ளிகளுக்குச் செல்கிறார், பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கும் செல்கிறார். எந்தப் பள்ளியிலும் அவர் விருந்தாளி. கால அட்டவணையை மாற்றவோ வகுப்பாசிரியரிடம் விளக்கம் கேட்கவோ அவருக்கு அதிகாரமில்லை. ஒன்றிய அரசு 2024-25-இல் தமிழ்நாட்டுக்கான இத்திட்ட நிதியை நிறுத்திவைத்ததை நினைவில் கொண்டால், இப்பணியிடங்கள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பது விளங்கும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்பத்தூர் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில். வாடகை ஏறினால் குடும்பம் அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு நகர்கிறது. குழந்தை ஒரு மாவட்டத்தின் கணக்கிலிருந்து இன்னொன்றின் கணக்குக்கு மாறுகிறது. அதுவரை செய்த பயிற்சிக் குறிப்புகளை அடுத்த பள்ளிக்குக் கொண்டுசேர்ப்பது எவருடைய பொறுப்பும் அல்ல. இத்தனைக்கும் இப்பகுதியில் வல்லுநர்களுக்குப் பஞ்சமில்லை. பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், தேசிய நிறுவனமொன்றின் மண்டல மையமும் பூந்தமல்லியிலேயே உள்ளன. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாதாரணப் பள்ளிக்குள் அந்த அறிவு நுழைவதற்கு வாசல் இல்லை.

உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் அளித்த தீர்ப்பு, மாணவர்-சிறப்பாசிரியர் விகிதத்தை ஒன்றிய அரசு அறிவிக்கவும், அதற்கேற்பச் சிறப்பாசிரியர்களை நியமிக்கவும் சொன்னது. பள்ளி பள்ளியாகச் செல்லும் ஆசிரியர் முறையைப் போதிய ஆசிரியர் கிடைக்கும் வரையிலான இடைக்கால ஏற்பாடாக மட்டுமே அது ஏற்றது. நியமனம் நகராததால், 2025 மார்ச்சில் பணியிடங்களை அறிவிக்க மாநிலங்களுக்குக் கெடு விதித்து, ஒப்பந்தத்தில் பணிபுரிவோரின் தகுதியை ஆராயக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

பணியிடம் கிடைத்தால் போதுமா என்பதே எங்கள் அடுத்த கேள்வி. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம், ஒவ்வோர் அரசுப் பொதுப்பள்ளியும் தன் ஆசிரியர் ஒருவரைச் சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளராக நியமிக்கக் கட்டாயப்படுத்துகிறது. அவர் பள்ளியின் தலைமைக் குழுவில் இருந்தால்தான் பணி சிறக்கும் என்கிறது நடைமுறை விதித்தொகுப்பு. அங்கும் அது பரிந்துரைதான். ஆனாலும் பொறுப்புக்கு ஒரு பெயரும் முகமும் உண்டு.

நம்மிடம் இதற்கான சட்ட இடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2(ஈ) பிரிவு “நலிவுற்ற பிரிவுக் குழந்தை” என்பதில் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளைச் சேர்த்திருந்தது. 2012-ஆம் ஆண்டின் திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் அதே வரையறைக்குள் கொண்டுவந்தது. 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் தர வேண்டும். 22-ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவே. சிறப்புப் பயிற்றுநர் அக்கூட்டத்தில் உட்கார்ந்து, எந்தெந்த மாணவருக்கு மதிப்பீடு நிலுவையில் உள்ளது எனப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். அப்படி எழுதப்பட்டால் தலைமையாசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். மாநில அரசு ஓர் அரசாணையால் இதைச் செய்ய முடியும்.

அதுவரை, குழுவில் உறுப்பினராக உள்ள தலித் பெற்றோர் வளர்ச்சித் திட்டத்தின் நகலையும், தம் பள்ளிக்கு வரும் பயிற்றுநரின் வருகை விவரத்தையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். அம்பத்தூர் மாணவருக்காக நாங்கள் அளித்த மனுவுக்குப் பின் மாற்றுச் சான்றிதழ்ப் பேச்சு நின்றது. மதிப்பீட்டுக்கான நாள் இன்னும் குறிக்கப்படவில்லை.